முப்பதாம் நாள் கேசட்

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அன்னா அந்தக் கேசட்டைக் கவுன்ட்டர் மேல் வைத்தாள். மறுநாள் நான்கு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

நடுவில் இருபத்தைந்து மணி நேரம். அதில் கன்னியப்பன் தப்பு செய்தது வெறும் இரண்டு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் நல்லவனாகத்தான் இருந்தான்.

உப்பளத்தில் அவனுடைய கடைக்கு மனைவி பெயர். 'சந்திரகலா ரிக்கார்டிங் சென்டர்'. லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் சினிமாப் பாட்டு பதிந்து கொடுப்பான். ஆனால் அவன் பேர் வாங்கியது பாட்டால் அல்ல. புதுச்சேரியில் வீட்டுக்கு ஒருத்தர் பிரான்சில். பட்டாளத்தில் இருக்கும் மகன் கடிதம் எழுதமாட்டான். கேசட்டில் பேசி அனுப்புவான். பின்னால் ஃப்ரிட்ஜ் உறுமும், லாரி போகும், எவனாவது குழாயைத் திறப்பான். அந்தக் கேசட் கன்னியப்பனிடம் வரும். அவன் 'சுத்தம்' பண்ணிக் கொடுப்பான்.

வேலை இதுதான். கேசட்டில் இருப்பதைப் பெரிய ஸ்பூல் டேப்புக்கு மாற்றுவான். மாறும் வழியிலேயே நாய்ஸ் ரிடக்‌ஷன் பொத்தானை அமுக்குவான். ஈக்வலைசரில் வலது ஓரத்துக் கட்டைகளைக் கீழே இழுப்பான். உஸ்ஸென்ற கீச்சுச் சத்தமெல்லாம் அங்கேயே செத்துவிடும். பிறகு, சுத்தமான பேச்சை அதே கேசட்டில் திரும்ப ஏற்றுவான். வேறு கேசட்டில் கொடுத்தால் யாரும் வாங்கமாட்டார்கள். "எம் புள்ள கையெழுத்து இதுலதானப்பா இருக்கு" என்பார்கள்.

பழசு அழிந்துபோகும். இரைச்சலுக்காக யாரும் அழுததில்லை. அதுவரை.

"வாங்க மதாம்" என்று எழுந்து நின்றான் கன்னியப்பன். "நாளைக்குத்தான முசே மொரீசுக்கு முப்பதாம் நாள் பூசை?"

"அதுக்காகத்தான் வந்தேன்" என்றாள் அன்னா.

மொரீஸ் அவள் கணவர். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியார். தொண்டையில் புற்று. போன வருடம் மதராசில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு சிலேட்டில் எழுதிக் காட்டினார். பிப்ரவரியில் அவர் தம்பி தொமினிக், அண்ணன் கூடவே இருக்கப் பிரான்சின் லியோனிலிருந்து வந்தபோது, ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தான். டைப் அடித்தால் அது பேசும். மூக்கால் பேசும், ஏற்ற இறக்கமில்லாமல் பேசும், ஆனால் பேசும். கடைசி நாலு மாதம் மொரீசின் குரல் அதுதான். முதல் முறை அது "அன்னா, காப்பி" என்றபோது அவள் அடுப்படியில் டம்ளரைக் கீழே போட்டாள்.

சாவதற்குப் பத்து நாள் முன்னால் மொரீஸ் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பகல் முழுக்க டைப் அடித்தார். அதை ஒரு கேசட்டில் சேமித்தார். சிலேட்டில் எழுதினார்: 'முப்பதாம் நாள் பூசை முடிஞ்சப்புறம் கேளு. முன்னாடி வேணாம்.'

"இதுதான்" என்று அன்னா கேசட்டைத் தள்ளினாள். மேலே பச்சை மசியில் 'அன்னாவுக்கு'.

"இருபத்தொம்பது நாளா கேக்காமயா வெச்சிருக்கீங்க?"

"வாக்கு குடுத்துட்டேனே. கேக்கணும்னு தோணாத மணி இல்ல, கன்னியப்பன்." அவள் கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள். "நாளைக்குச் சாயங்காலம் தொமினிக் கிளம்புறான். மெஷினும் போயிடும். வரும்போதே கஸ்டம்ஸ்ல அவன் பாஸ்போர்ட்ல எழுதிட்டாங்களாம். திருப்பிக் கொண்டுபோகலன்னா அவன விடமாட்டாங்க. அதுக்கப்புறம் இந்தக் கேசட்ட நான் வெச்சிக்கிட்டு என்ன பண்ண? அதான், நாளைக்கு மெஷின் இதப் பேசும்போது நீங்க வந்து ரெக்கார்ட் பண்ணிடணும். என் வீட்டு டேப்ல போட்டா கேக்கணும். சாகுற வரைக்கும் கேக்கணும்."

"கேசட்ட வெச்சிட்டுப் போங்க. எவ்ளோ சத்தம் வருதுன்னு இன்னிக்கே பாத்துட்டா நாளைக்குச் சொதப்பாது."

அன்னாவின் விரல் கேசட்டை விட்டு நகரவில்லை. "நீங்க கேக்கமாட்டீங்களே?"

"மீட்டர்ல முள்ளுதான் பாப்பேன் மதாம். காத மூடிக்குவேன்."

அவள் விரலை எடுத்தாள்.

கன்னியப்பன் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. டி.வி. மாதிரி ஒன்று, அதற்குள் ஒரு டேப் ரிக்கார்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அந்த 1986-இல்.

* * *

பிளே பொத்தானை அமுக்கியவன் பதறிப்போய் வால்யூமைக் குறைத்தான்.

கீ... என்று ஒரே கூச்சல். பிறகு தகரத்தைத் தகரத்தால் தேய்ப்பது போல ஒரு கரகரப்பு. மறுபடி கீ. முள் கடைசி வரை போய் முட்டிக்கொண்டு நடுங்கியது. நாலு நிமிடம் முழுக்க இதேதான்.

டீ எடுத்து வந்த சந்திரகலா வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டாள். "இன்னாய்யா இது? தேங்காய்த்திட்டுல மீன் ஏலமா?"

"மொரீஸ் வாத்தியார் பேசினது."

"அவருக்குத்தான் தொண்டையே இல்லியே."

"மெஷினு பேசுமாம். ஏதோ கோளாறாப் பதிஞ்சிருக்காரு பாவம். ஒயரு சரியா மாட்டல போல. பேச்சு அடியில மாட்டிக்கிச்சு, மேல பூரா இரைச்சலு." அவன் மறுபடி ஓடவிட்டு, கண்ணை மூடிக் கேட்டான். "நாளைக்குப் பூசை முடிச்சிட்டு வந்து மதாம் இத்தக் கேட்டா தாங்குமா?"

"கேக்கமாட்டேன்னு நீ வாக்கு குடுத்தல்ல?"

"இதுல கேக்கறதுக்கு இன்னாடி இருக்குது?"

"அப்ப ஒரு நடை போய் அந்த அம்மாவையே கேட்டுட்டு வாயேன். நடந்தா பத்து நிமிசம்."

இந்த இடத்தில் கன்னியப்பன் செருப்பை மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை. கேட்டுச் செய்தால் அது வேலை. கேட்காமல் செய்தால் அது மரியாதை என்பது அவன் கணக்கு. மொரீஸ் வாத்தியார் இந்தக் கடைக்கு வந்து, "கன்னியப்பா, உன் காதுக்கு ஈடு பாரீசுல கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனவர். அவருக்குக் கடைசியாக ஒன்று செய்ய வேண்டாமா?

கேசட்டைத் திருப்பிப் பார்த்தான். முதுகில் இரண்டு மூலையிலும் பிளாஸ்டிக் காது உடைக்கப்பட்டிருந்தது. மேலே யாரும் பதிந்துவிடக் கூடாது என்று மொரீஸே உடைத்து வைத்த காது. அது இல்லையென்றால் ரிக்கார்ட் பொத்தான் இறங்காது.

ரிக்கார்டிங் கடைக்காரனுக்கு அது ஒரு தடையா? கன்னியப்பன் செல்லோ டேப்பைக் கிள்ளி ஓட்டைகளின் மேல் ஒட்டினான். தினம் பத்து கேசட்டுக்குச் செய்வதுதான். கை தானாகவே செய்தது.

நாய்ஸ் ரிடக்‌ஷனைப் போட்டான். வலது ஓரக் கட்டைகளை அடிவரை இழுத்தான். சத்தத்தைத் தானே ஏற்றி இறக்கிச் சமன் செய்யும் ஆட்டோ லெவலையும் போட்டான். ஸ்பூல் சுற்றியது. போதாது. இன்னொரு முறை. நாலரை மணிக்கு அந்தக் கூச்சல் அடங்கி, மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ முனகுவது போல ஒரு உம்... வந்தது.

"கேட்டியா? ஆள் கொரலு!"

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றாள் சந்திரகலா.

"உனுக்கு எது கேட்டுச்சு? நான் கூப்பிட்டாலே கேக்காது."

அதே கேசட்டில் திரும்ப ஏற்றினான். கேசட்டைப் புரட்டிப் போட்டான். மறுபக்கத்திலும் அதே நாலு நிமிடக் கூச்சல்.

அரைகுறை வேலை அவனுக்குப் பிடிக்காது. அதையும் சுத்தம் செய்தான்.

* * *

சனிக்கிழமை பூசை ஒன்பது மணிக்கு முடிந்தது. சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பதினொன்றரைக்கு வீட்டில் மூன்று பேர்தான். கறுப்புச் சேலையில் அன்னா. பெட்டி கட்டித் தயாராக இருந்த தொமினிக். ஒயர், இரண்டு கேசட் டெக், ஈக்வலைசர் எல்லாவற்றையும் ரிக்‌ஷாவில் ஏற்றி வந்த கன்னியப்பன்.

நான்கு மணிக்கு மதராசுக்குக் கார்.

தொமினிக் முதலில் தன் கேசட் ஒன்றைப் போட்டான். "இது மெஷினுக்குப் பேசக் கத்துக்குடுக்கிற புரோகிராம்" என்றான். சின்ன டேப் ரிக்கார்டரிலிருந்து ஒயர் வழியே அது உள்ளே போனது. திரையில் எழுத்து வந்தது. அடுத்து, பச்சை மசி போட்ட கேசட். அன்னா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஜெபம் கேட்பவள் போல உட்கார்ந்தாள்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். திரையில் ஒரே ஒரு பிரெஞ்சு வார்த்தை.

"இன்னா முசே போட்டிருக்கு?" என்றான் கன்னியப்பன்.

"தப்புன்னு போட்டிருக்கு. சத்தம் பத்தலையோ என்னமோ." தொமினிக் வால்யூமைக் கூட்டினான். மறுபடி அதே வார்த்தை. இன்னும் கூட்டினான். அதே வார்த்தை.

அவன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, வெறுமே ஓடவிட்டுக் கேட்டான். உம்... என்றது கேசட். தொமினிக்கின் முகம் மாறியது.

"இது இப்படிக் கேக்காதே. கீச்சுன்னு காதக் கிழிக்குமே."

கன்னியப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. "கிழிச்சுது முசே! நேத்தெல்லாம் கிழிச்சுது. நாந்தான் சுத்தம் பண்ணிட்டேன்."

"சுத்தம்னா?"

"மேல இருந்த கீச்செல்லாம் எடுத்துட்டேன். பேச்சு மட்டும் வெச்சிருக்கேன்."

தொமினிக் கேசட்டை வெளியே எடுத்தான். முதுகைத் திருப்பினான். செல்லோ டேப்பின் மேல் கட்டைவிரலை வைத்தான்.

"இது மேலயே பதிஞ்சீங்களா?"

"ஆமா முசே. அதே கேசட்டுலதான் குடுப்பேன். எப்பவும்..."

"இதுல பேச்சே கிடையாதுய்யா!" என்றான் தொமினிக். "அண்ணன் அடிச்ச ஒவ்வொரு எழுத்தையும் மெஷின் ரெண்டு சத்தமா மாத்தி வெச்சிருக்கும். ஒண்ணு கீச்சுச் சத்தம், ஒண்ணு கொஞ்சம் தணிஞ்ச சத்தம். ரெண்டும் மாறி மாறி வந்தாத்தான் எழுத்து. நீங்க எடுத்தீங்களே, அந்தக் கீச்சுதான் அவர் எழுதினது."

கன்னியப்பனுக்குப் புரிய ஒரு விநாடி ஆனது. அவன் காது கெட்டிக்காரக் காது. ஒரு விநாடிக்கு மேல் ஆகவில்லை.

அன்னா இன்னும் நாற்காலியில்தான் இருந்தாள். ஒருத்தர் முகத்திலிருந்து இன்னொருத்தர் முகத்துக்குப் பார்த்தாள். "என்ன தொமினிக்? பேசாதா?"

"இருங்க அண்ணி. இருங்க." தொமினிக் நெற்றியில் தட்டிக்கொண்டான். "அண்ணன் எதையும் ஒருதடவை பண்ற ஆளில்ல. பி பக்கத்துல இன்னொரு தடவை சேமிச்சிருப்பாரு. நாந்தான் சொல்லிக் குடுத்தேன். டேப்ப நம்பாதீங்க, ரெண்டு பக்கமும் போடுங்கன்னு. கண்டிப்பா இருக்கும்!"

அவன் கேசட்டைப் புரட்டினான். அன்னாவின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

"முசே" என்றான் கன்னியப்பன். தன் குரலே அவனுக்குக் கேட்கவில்லை. "அந்தப் பக்கமும் பண்ணிட்டேன்."

யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

* * *

மணி பன்னிரண்டு இருபது.

கன்னியப்பன் கீழே உட்கார்ந்து தன் டெக்கை மெஷினோடு இணைத்தான். நடுவே ஈக்வலைசர். நேற்று கீழே இழுத்த கட்டைகளை எல்லாம் இன்று உச்சிக்குத் தள்ளினான்.

"முசே, நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. மெஷினுக்கு எவ்ளோ சத்தம் வேணும்?"

"முக்காவாசி. கம்மியானா கேக்காது. அதிகமானா பிசிறடிக்கும், அதையும் எழுத்துன்னு நினைச்சிக்கும்."

"நாய்ஸ் ரிடக்‌ஷன்?"

"கூடவே கூடாது. ஆட்டோ லெவலும் கூடாது. அது சத்தத்த ஏத்தி இறக்குறப்போ எழுத்து நசுங்கிடும்."

"மனுசன் பேச்சுல நடுவுல இருக்கறதுதான் உசுரு. இதுக்கு ஓரத்துல இருக்குது." கன்னியப்பன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பதினைந்து வருடத் தொழிலில் அவன் கற்றது எல்லாமே தலைகீழ். நல்ல பதிவுக்கு எதையெல்லாம் செய்வானோ, அத்தனையும் இதற்கு விஷம். இதை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு யாராவது ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். அவனாவது கேட்டிருக்கலாம். பத்து நிமிட நடை.

ஒரு மணி. தப்பு. ஒன்றே கால். தப்பு. கீச்சை ஏற்றினால் கூடவே வெறும் டேப்பின் உஸ்ஸும் ஏறியது. குறைத்தால் கீச்சும் போனது. இரண்டு மணிக்கு ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட்டை இம்மி இம்மியாகத் திருப்பினான். ஹெட் டேப்பின் மேல் நேராக உட்கார்ந்தால் கொஞ்சம் கீச்சு கூடக் கிடைக்கும். கொஞ்சம் கிடைத்தது. தப்பு. கடையிலிருந்த ஸ்பூலையும் அதை ஓட்டும் டெக்கையும் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். அதில் இருந்ததும் வெட்டிய சத்தம்தான். தப்பு. தப்பு.

அன்னா ஒரு தடவை எழுந்து போய் மூவருக்கும் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். கன்னியப்பன் பக்கத்தில் டம்ளரை வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

மூன்று பத்துக்கு, வாசலில் கார் ஹாரன் அடித்தது. டிரைவர் சீக்கிரமே வந்துவிட்டான்.

அதே நேரத்தில் தொமினிக் கத்தினான். "வந்துச்சு! ஒரு துண்டு வந்துச்சு!"

"எவ்ளோ?"

"முதல் துண்டு. எழுதினத மெஷின் துண்டு துண்டாத்தான் சேமிக்கும், மொத்தம் பத்தொம்பது. ஒண்ணு உள்ள போயிடுச்சு. ரெக்கார்ட் போடுங்க!"

கன்னியப்பன் இரண்டாவது டெக்கில் புதுக் கேசட்டைச் செருகினான். எந்தக் கட்டையையும் ஏற்றவில்லை, இறக்கவில்லை. எந்தப் பொத்தானையும் அமுக்கவில்லை. சத்த அளவை மட்டும் வைத்து, ரிக்கார்டை அழுத்தினான். தொமினிக் ஒரு விசையைத் தட்டினான்.

மெஷின் பேசியது. மூக்கால், நிறுத்தி நிறுத்தி, ஒரே தட்டையான குரலில். பிரெஞ்சுக்காரன் செய்த மெஷின். அதற்கு ழ வராது.

"அன்னா. அலுவாதே. ஒன்னு உங்கிட்ட சொல்லாமயே வெச்சிருந்தேன். இப்ப சொல்றேன். நம்ம"

நின்றுவிட்டது.

விசிறி சுற்றும் சத்தம். கன்னியப்பனின் கேசட் சுற்றிக்கொண்டே இருந்தது.

"மீதி?" என்றாள் அன்னா.

தொமினிக் மறுபடி ஓடவிட்டான். இரண்டாவது துண்டில் தப்பு. மறுபடி. தப்பு. மூன்றரை. கன்னியப்பன் ஸ்க்ரூவை முடியளவு திருப்பினான். இப்போது முதல் துண்டும் வரவில்லை. மூன்று ஐம்பது. ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி, ஹெட்டில் ஒரு கீறல் விழுந்தது.

"நம்மன்னா என்ன?" அன்னா யாரையும் பார்க்காமல் கேட்டாள். "நம்ம வீடா? நம்மளப் பத்தியா? நமக்குப் புள்ள இல்லியே, அதப் பத்தியா? நம்ம... தொமினிக், உங்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

"இல்ல அண்ணி."

"முப்பது வருசம். எங்கிட்ட எத மறைச்சாரு?"

நான்கு மணிக்குத் தொமினிக் மெஷினின் ஒயர்களைக் கழற்றினான். பாஸ்போர்ட்டில் எழுதியிருந்த நம்பரையும் மெஷினின் அடியிலிருந்த நம்பரையும் ஒருமுறை சரிபார்த்து, தெர்மோகோலில் வைத்து மூடினான். அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதான். கன்னியப்பனைக் கடந்து போய்க் காரில் ஏறிக்கொண்டான்.

* * *

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூன்று மணிக்கு அன்னா கடைக்கு வந்தாள். பச்சை மசிக் கேசட் கன்னியப்பனிடமே இருந்தது. அவன் புது ஹெட் வாங்கி மாட்டியிருந்தான். தினமும் மத்தியானம் கடையைச் சாத்திக்கொண்டு, அந்த உம்மைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கட்டைகளை நகர்த்தினான். பாட்டு பதிய வந்தவர்கள் வேறு கடைக்குப் போனார்கள்.

"வந்துச்சா?" என்பாள் அன்னா.

"பாத்துக்கிட்டிருக்கேன் மதாம். தொமினிக் முசே அடுத்த தபா வரும்போது மெஷினக் கொண்டாந்தாருன்னா..."

"ம்" என்று போய்விடுவாள்.

"எத்தினி வாரம்யா இப்பிடியே சொல்லுவ?" என்றாள் சந்திரகலா ஒருநாள். "ஒண்ணு இருக்குதுன்னு சொல்லு, இல்ல இல்லன்னு சொல்லு. அந்த அம்மா ஒடம்பு பாதியாயிடுச்சு."

எட்டாவது வெள்ளிக்கிழமை கன்னியப்பன் சொன்னான். கவுன்ட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அதுல இல்ல மதாம். மூணாவது நாளே எனக்குத் தெரியும். கம்மியாக் கேக்கற சத்தத்த ஏத்தலாம். நான் கொறைக்கல, வெட்டிட்டேன். மொதத் துண்டு ஏதோ தப்பிச்சுது, மீதி டேப்புலயே இல்ல. எந்த மெஷின் வந்தாலும் வராது."

தெருவில் ஒரு ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

"அந்தப் பேசின துண்டு மட்டும் போடுங்க" என்று அன்னா பையிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்து நீட்டினாள்.

போட்டான். அன்னா. அலுவாதே. ஒன்னு உங்கிட்ட சொல்லாமயே வெச்சிருந்தேன். இப்ப சொல்றேன். நம்ம. பிறகு விசிறிச் சத்தம், காலியாக.

"தினமும் இதத்தான் கேக்குறேன் வீட்டுல. அழுவாதேன்னு சொல்லிட்டு நிறுத்தியிருந்தாக்கூடப் பரவால்ல, கன்னியப்பன். 'நம்ம'ன்னு ஆரம்பிச்சிட்டாரே. நான் தூங்கறதே இல்ல."

அவள் பச்சை மசிக் கேசட்டை எடுத்துக்கொண்டாள். முதுகைத் திருப்பி, செல்லோ டேப்பின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். இரண்டு மாத வெயிலில் பசை இறுகிப் போயிருந்தது. பொறுமையாக, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூலையிலும் உரித்தாள். உரித்ததைச் சுருட்டிக் கவுன்ட்டர் மேல் வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கன்னியப்பன் எழுந்து நின்றான். மூன்றரை வரை வாசலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான்.